பொங்கல் படையலில் ஒரு வெள்ளைக்காரத் துரை

தை பிறந்தால் தமிழர் வீட்டு வாசலில் பொங்கல் பானை ஏறும். கதிரவனுக்குப் படைத்து, காக்கைக்கு வைத்து, பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது ஊர் உலகம் அறிந்த வழக்கம். தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், பல வீடுகளில் அந்தப் படையலில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் பக்கத்திலே, அடர்ந்த மீசையோடு ஒரு வெள்ளைக்காரரின் படம் மாட்டியிருக்கும். அந்தப் படத்துக்கும் சந்தனம், குங்குமம், பூமாலை உண்டு. சூடம் காட்டுவார்கள். பொங்கிய பானையிலிருந்து ஓர் அகப்பை சோறு அவர் முன்னாலும் வைக்கப்படும்.

அவர் பெயர் கர்னல் ஜான் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர். வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் ஆங்கிலேயர் இனத்தில் பிறந்தவர். அவர் இறந்து நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ராஜாக்களும் கவர்னர்களும் மறந்துபோன இந்தப் பூமியில், ஒரு ராணுவ இன்ஜினீயருக்கு மட்டும் வீட்டுப் பண்டிகையில் இடம் கிடைத்தது எப்படி? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் அது விளங்கும்.

துக்கம் சூழ்ந்த தை

பென்னிகுயிக் 1841-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி புனா நகரில் பிறந்தார். தகப்பனார் பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் பெரிய அதிகாரி. தாயார் பெயர் சாரா. படைவீரர் குடும்பம் ஆகையால், பிள்ளைகளும் அதே வழியில் போவார்கள் என்பது முன்பே முடிவான விஷயம்.

1849-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் சீக்கியப் படைக்கும் பிரிட்டிஷ் படைக்கும் கடும்போர் நடந்தது. ஒரு படைப்பிரிவை நடத்திச் சென்ற தகப்பனார் அந்தக் களத்திலே மாண்டார். மூத்த மகன் அலெக்ஸாண்டரும் அதே போரில் இருந்தான். அவனுக்கு வயது 17. விழுந்து கிடந்த தகப்பனாரின் உடலைக் காக்க நின்று, அவனும் அங்கேயே உயிர்விட்டான். ஒரே நாளில் ஒரு வீட்டில் இரண்டு சாவு.

சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி. அந்தக் குடும்பத்துக்கு ஜனவரி மாதத்தின் நடுப்பகுதி துக்க நாளாகிவிட்டது. இன்று அதே ஜனவரி 15 கம்பம் பள்ளத்தாக்கில் கரும்பும் மஞ்சளுமாகக் கொண்டாடப்படுகிறது. சாரா அம்மாள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

பையன் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியிலும் படித்தான். 1858-ல் சென்னை இன்ஜினீயர் படையில் உத்தியோகம் கிடைத்தது. 1860-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1868-ல் அபிசீனியா படையெடுப்புக்கும் போய்வந்தார். மற்றபடி அவருடைய உத்தியோக காலத்தில் பெரும்பகுதி சென்னை ராஜதானியின் பொதுப்பணி இலாகாவிலே கழிந்தது. அவருடைய தகப்பனார் வாளைப் பிடித்தார். மகனோ அளவுச் சங்கிலியைப் பிடித்தார்.

மேற்கே ஓடிய ஆறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியிலே கொட்டுகிற மழை மேற்குப் பக்கம்தான் அதிகம். பெரியாறு அந்த மழையையெல்லாம் வாரிக்கொண்டு அரபிக்கடலில் கொட்டியது. மலைக்குக் கிழக்கே இருக்கிற கம்பம், மதுரை, ராமநாதபுரம் பூமிக்கு வைகைதான் கதி. வைகையோ மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல். ஒரு பக்கம் தண்ணீர் கடலுக்கு வீணாக, மறுபக்கம் வயல் வெடித்துக் கிடந்தது.

அந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று முதலில் யோசித்தவர் வெள்ளைக்காரர் அல்லர். ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, 1789-லேயே ஆள் அனுப்பி மலையைப் பார்த்துவரச் செய்தார். செலவு தாங்காது என்று அந்த யோசனை நின்றது. 1808-ல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்து, இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1867-ல் மேஜர் ரைவ்ஸ் மறுபடியும் திட்டம் போட்டார். காகிதம் மேலே போவதும் கீழே வருவதுமாக வருஷங்கள் ஓடின.

அந்தச் சமயத்திலேதான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். கஞ்சித் தொட்டி முன்னால் ஊரே வரிசையில் நின்ற காலம் அது. மதுரை ஜில்லாவில் அடுப்பு எரியாத வீடுகள் ஆயிரமாயிரம். பஞ்சத்துக்குப் பிறகு சர்க்காருக்கும் கண் திறந்தது. 1882-ல் பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலை மேஜர் பென்னிகுயிக்கிடம் வந்தது. 1884-ல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

அணை கட்ட வேண்டிய இடம் திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1886 அக்டோபர் 29-ந் தேதி திருவாங்கூருக்கும் பிரிட்டிஷ் சர்க்காருக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வாடகை, மொத்தம் 40,000 ரூபாய். குத்தகைக் காலம் 999 வருஷம்! இந்தக் குத்தகையைச் சுற்றிப் பிற்காலத்தில் எழுந்த வழக்குகள் தனிக்கதை. அணையின் நீர்மட்டம் 142 அடி வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2006-லும் 2014-லும் தீர்ப்புச் சொன்னது.

காட்டுக்குள்ளே எட்டு வருஷம்

1887-ல் வேலை தொடங்கியது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,900 அடி உயரத்தில் அடர்ந்த காடு. யானையும் புலியும் திரிகிற இடம். பாதை கிடையாது. சாமான்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியிலே கம்பம், கூடலூர் வழியாக மலையடிவாரத்துக்கு வரவேண்டும். அங்கிருந்து மலை ஏறவேண்டும். ஆகவே அணையின் முதல் கல்லுக்கு முன்னால் வியர்வை சிந்தியவை மாடுகள்தாம். தை மாதத்தில் அந்த ஊர்க்காரர் மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசும்போது, இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஓடுகிற ஆற்றின் நடுவே அஸ்திவாரம் போடவேண்டும். அதற்காகத் தற்காலிகமாக மண்ணாலும் மரத்தாலும் தடுப்பு கட்டுவார்கள். மழை வரும், வெள்ளம் வரும், தடுப்பு போய்விடும். மறுபடி கட்டுவார்கள். மறுபடி போய்விடும். சென்னைப் பயனியர் படையின் சிப்பாய்களும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், கம்பம் பக்கத்துக் கூலி ஜனங்களும் இந்தப் போராட்டத்தில் இருந்தார்கள்.

வெள்ளத்தைவிடக் கொடிய எதிரி காய்ச்சல். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ரொனால்டு ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-ல்; அணை முடிந்து இரண்டு வருஷம் கழித்து. கெட்ட காற்றினால்தான் காய்ச்சல் வருகிறது என்று எண்ணிக்கொண்டே, கொசு மொய்க்கிற காட்டில் ஜனங்கள் படுத்து உறங்கினார்கள். காலராவும் சேர்ந்துகொண்டது. எத்தனையோ பேர் திரும்பவில்லை. அணைக்கு அருகே அவர்களில் சிலரின் கல்லறைகள் இருக்கின்றன.

பருவமழை ஓய்ந்து வெள்ளம் வடிகிற மார்கழி, தை, மாசி மாதங்கள்தாம் ஆற்றுப்படுகையில் இறங்கி வேலை செய்ய ஏற்ற காலம். கோடை பிறந்தால் காய்ச்சல் வந்துவிடும். ஆகவே துரைமாருக்குக் கிறிஸ்துமஸ் வரும் நாட்களும், கூலியாட்களுக்குப் பொங்கல் வரும் நாட்களும் வேலை மும்முரமான நாட்களாயின. இரண்டு பண்டிகைகளும் சுண்ணாம்பு வாசனைக்கு நடுவே வந்துபோயின.

சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் கலவை, கருங்கல், இவற்றால் அணை எழுந்தது. நீளம் 1,200 அடி. அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி. அணைக்கட்டோடு வேலை முடியவில்லை. மலையின் வயிற்றைக் குடைந்து 5,700 அடி நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். மேற்கே போன தண்ணீர் அந்தச் சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வந்து விழுந்தது. 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

விற்ற நகைகள்

பள்ளத்தாக்கில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு கதை கேட்கலாம். வெள்ளம் அணையை அடித்துப்போனதும் சர்க்கார் கையை விரித்துவிட்டது. பென்னிகுயிக் இங்கிலாந்து போய்த் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று, அந்தப் பணத்தால் அணையைக் கட்டினார் என்பது அந்தக் கதை. பொங்கல் அன்று பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டிமார் சொல்லும் கதையும் இதுவே.

இதற்குச் சாசனச் சான்று கிடையாது. திட்டச் செலவு முழுவதும் சென்னை சர்க்காரின் கணக்கிலேயே எழுதப்பட்டது. ஆனால் இந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். நம் கிராமத்து வீட்டிலே ஆபத்து வந்தால் முதலில் அடகுக் கடைக்குப் போவது மனைவியின் நகை. விதை நெல் வாங்க, கிணறு வெட்ட, பெண்ணைக் கட்டிக்கொடுக்க, எல்லாவற்றுக்கும் அந்த நகைதான். பிறருக்காக ஒருவன் உச்சமாக என்ன செய்யமுடியும் என்று கேட்டால், மனைவியின் தாலிக்கொடியைக் கழற்றுவான் என்பதே உழவனுக்குத் தெரிந்த பதில். அந்தப் பதிலைத் துரைக்கும் சூட்டிவிட்டார்கள்.

நகை விற்றாரோ இல்லையோ, சாட்சியுள்ள செய்திகளே போதுமானவை. நடக்காது என்று எண்பது வருஷம் ஒதுக்கிய காரியத்தை எட்டு வருஷத்தில் முடித்தார். வெள்ளம் அடித்துப்போன தடுப்பை மறுபடி மறுபடி கட்டச் செய்தார். காய்ச்சல் காட்டில் தம் ஆட்களோடு நின்றார். பொங்கல் சோறு படைக்க இது போதாதா?

துரை வீட்டுக் கிறிஸ்துமஸ்

பென்னிகுயிக் 1879-ல் கிரேஸ் ஜார்ஜினா சாமியர் என்ற பெண்ணை மணந்தார். ஐந்து பெண் குழந்தைகள், ஒரே மகன். மகன் பிறந்தது 1899-ல். அப்போது தகப்பனாருக்கு வயது 58. அந்த மகன் ஜான் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியாகி, சர் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் சென்னை ராஜதானியின் ஆங்கிலேயர் வீடுகளில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் தெரியுமா? காலையில் கோவில் வழிபாடு. வாசலில் வாழை மரமும் செவந்தி மாலையும் நம் தோட்டக்காரர் கட்டியிருப்பார். கீழ் உத்தியோகஸ்தர்கள் தட்டிலே பழம், பூ, கற்கண்டு வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதற்கு டாலி என்று பெயர். இரவிலே நீண்ட மேஜையைச் சுற்றிக் குடும்பம் உட்காரும். வறுத்த வான்கோழியும், உலர்ந்த திராட்சை போட்ட பிளம் புடிங்கும் வரும். உறவுக்காரரெல்லாம் ஏழு கடலுக்கு அப்பால். மேஜையில் இருப்பவர்களே சொந்தம்.

அங்கும் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே பண்டிகை. இங்கும் அதுவே. மேஜை வேறு, இலை வேறு. புடிங் வேறு, சர்க்கரைப் பொங்கல் வேறு. இரண்டிலும் திராட்சை கிடக்கும்!

கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிறிஸ்துமஸ் புதிதும் அல்ல. ராயப்பன்பட்டியும் அனுமந்தன்பட்டியும் பழைய கத்தோலிக்க ஊர்கள். பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற பன்னீர்த் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832-ல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். டிசம்பரில் நட்சத்திர விளக்குக் கட்டும் வீடுகளும் தை பிறந்ததும் புதுப்பானையில் பால் பொங்கவிடும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. பெரியாற்றுத் தண்ணீர் எந்த வயலிலும் சாதி மதம் கேட்டு இறங்கியதில்லை.

பள்ளத்தாக்கின் தை

போகியன்று வீட்டு வாசலில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். மறுநாள் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம். மூன்று கல் அடுப்பு. பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து. இருபுறமும் கரும்பு. பால் பொங்கி வழியும்போது பெண்கள் குலவையிடுவார்கள். மொச்சை, பரங்கிக்காய், கத்தரிக்காய், கிழங்கு எல்லாம் போட்ட பல காய்க் குழம்பு கொதிக்கும். மறுநாள் மாட்டுப் பொங்கல்.

இதில் கவனிக்க வேண்டியது தண்ணீர். பெரியாற்று நீர் சுரங்கம் கடந்து லோயர் கேம்ப் வந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராக இறங்கி வைகையில் கலக்கிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. தை பிறக்கும்போது முதல் போக நெல் வீட்டுக்கு வந்திருக்கும். இரண்டாம் போகப் பயிர் வயலில் பச்சையாக நிற்கும். பானையில் போட்ட அரிசி அந்தத் தண்ணீரில் விளைந்தது. பானையில் ஊற்றிய தண்ணீரும் அதுவே. மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டும் வாய்க்காலிலும் ஓடுவது அதுவே. படத்துக்கு முன்னால் ஓர் அகப்பை சோறு வைப்பது, விளைந்த வீட்டில் விதைத்தவனுக்குப் பங்கு கொடுப்பது போன்ற காரியம்.

தேனிக்கு அருகே பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று ஊரே சேர்ந்து பென்னிகுயிக் பொங்கல் வைக்கிறது. படத்தை ஊர்வலமாக எடுத்துவந்து, தேவராட்டம் ஆடி, தெருவில் வரிசையாகப் பானை ஏற்றுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்த குடும்பங்கள் பள்ளத்தாக்கில் உண்டு. லோயர் கேம்ப்பில் தமிழ்நாடு அரசு கட்டிய மணிமண்டபம் 2013 ஜனவரி 15-ந் தேதி திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

பஞ்சாங்கக் கணக்கில் ஓர் ஆச்சரியம் உண்டு. பென்னிகுயிக் பிறந்த 1841-ல் தை முதல் நாள் ஜனவரி 12 வாக்கில் வந்தது. அவர் பிறந்தபோது பொங்கல் முடிந்துவிட்டது! சூரியக் கணக்கின்படி தைப் பிறப்பு இங்கிலீஷ் தேதியில் மெல்ல மெல்லப் பின்னால் நகர்கிறது. இப்போது சில வருஷங்களில் ஜனவரி 14-லும், சில வருஷங்களில் சரியாக 15-லும் வருகிறது. இவ்வளவு காலம் நடந்துவந்து, பொங்கலே அவருடைய பிறந்தநாளைத் தொட்டுவிட்டது.

காம்பர்லியில் முடிவு

அணை முடிந்த மறு வருஷம், 1896-ல், பென்னிகுயிக் இந்தியாவை விட்டுப் போனார். கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த ராயல் இந்திய இன்ஜினீயரிங் கல்லூரிக்குத் தலைவரானார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொல்லவும் அவரை அழைத்தார்கள். 1911 மார்ச் 9-ந் தேதி காம்பர்லியில் காலமானார். வயது 70. ஃப்ரிம்லி புனித பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அதன்பின் அவரை அங்கே அறிந்தவர் சிலரே. 2022-ல் தமிழ்நாடு அரசு காம்பர்லியில் அவருக்குச் சிலை வைத்தபோது, யார் இந்த மனிதர் என்று அவ்வூர்க்காரர் பலர் தெரிந்துகொண்டார்கள்.

சொந்த ஊரில் மறந்த பெயரை, தேனி ஜில்லாவின் அடுப்படிகள் மறக்கவில்லை. சர்க்கார் சிலை வைக்கலாம். வீட்டிலே சோறு வைக்க எந்தச் சர்க்காராலும் உத்தரவு போடமுடியாது.

இனி வரும் தைத் திருநாளில் பள்ளத்தாக்கின் தாய்மார்கள் இன்னொன்றும் செய்யலாம். அணைக்கரையின் கல்லறைகளில் கிடப்பவர்களும், கல்லறைகூட இல்லாமல் போனவர்களும் நம் ஜனங்கள். மண் சுமந்தவர், கல் உடைத்தவர், சுரங்கத்தில் வெடி வைத்தவர், காய்ச்சலில் கிடந்து வீடு திரும்பாதவர். அவர்களுக்குப் படம் இல்லை, பெயரும் இல்லை. துரைக்குப் படைக்கிற அதே இலையில், அவர்களை நினைத்து இன்னும் ஓர் அகப்பை வைத்தால், பானையில் சோறு குறைந்துவிடாது.